வேலியை மாற்றுங்கள், சுவராக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் வீடு, மனைப் பக்கத்தில் ஒரு கட்டுரை படித்தேன். துருப்பிடித்த கம்பி வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சிமென்ட் தூண்களுக்கு நடுவில் சிமென்ட் பலகைகளை இறக்கி நிறுத்துகிற ரெடிமேட் காம்பவுண்ட் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவருக்கு மேட்டில் வீடு இருக்கும் போலிருக்கிறது. எர்ணாவூரில் குடியிருக்கும் எனக்கு அது ஒத்துவரவில்லை. நான் வெல்டிங் பட்டறையிலேயே காலம் கழித்தவன். திருவொற்றியூர், எண்ணூர், மணலி வட்டாரத்தில் நான் கேட்டோ கிரில்லோ வேலியோ வைக்காத தெரு குறைவு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எங்கள் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் நாங்கள். கடற்காற்றில் உப்பு வரும், கால்வாயில் வெள்ளம் வரும். இங்கே வேலி போடுகிறவன் இந்த இரண்டையும் யோசித்துவிட்டுத்தான் குழி தோண்ட வேண்டும். ரெடிமேட் காம்பவுண்ட் விற்கிறவர்கள் இரண்டையுமே யோசிப்பதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கால்வாய் பொங்கி எங்கள் பகுதிக்குள் ஏறியது. தண்ணீர் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை, எண்ணெயும் சேர்ந்து வந்தது. பாய், தலையணை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் சில வீடுகளில் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து அந்தக் கோடு தெரிகிறது. இப்போது நான் சொல்ல வருவது எண்ணெய்க் கதை அல்ல, அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மழை விட்ட பிறகு எந்த வீட்டில் தண்ணீர் முதலில் வடிந்தது என்பதைத்தான் நான் கவனித்தேன். கம்பி வேலி இருந்த மனைகளில் அது வந்த வழியே போய்விட்டது. நாலு பக்கமும் காம்பவுண்ட் வைத்திருந்தவர்கள் வீட்டில் கேட்டு வழியாகத் தாராளமாக உள்ளே வந்தது, வெளியே போக வழி தெரியாமல் நின்றுவிட்டது. தெரு காய்ந்த பிறகும் அவர்கள் முற்றத்திலிருந்து மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். இறைத்த தண்ணீர் எங்கே போனது? பக்கத்து வீட்டுக்கு. அதில் ஒரு சண்டை.

எங்கள் தெருக்கோடி வீட்டில் அந்தக் காம்பவுண்டின் ஒரு பக்கம் அப்படியே சாய்ந்தது. நான் போய்ப் பார்த்தேன். பலகை ஒன்றுகூட உடையவில்லை. தூண்தான் அடியோடு பெயர்ந்திருந்தது, குழியில் போட்ட கான்கிரீட் உருண்டை வேர் மாதிரி அதனோடு ஒட்டிக்கொண்டு மேலே கிடந்தது. வீட்டுக்காரர் கான்ட்ராக்டரைத் திட்டினார். கான்ட்ராக்டர் புயலைத் திட்டினார். கணக்கு எளிதுதான். ஒரு பக்கம் மட்டும் மூன்றடித் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 400 கிலோவுக்கு மேல் தள்ளும். இரண்டு தூணுக்கு நடுவில் ஏழடிப் பலகை என்றால் ஏறத்தாழ 900 கிலோ. அத்தனையையும் தாங்க வேண்டியது இரண்டடிக் குழியில், ஊறிப்போன மணலில் நிற்கிற ஒரு தூண். கம்பி வலையில் இந்தப் பிரச்சினையே கிடையாது, தண்ணீர் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கும். குப்பை அடைத்துக்கொண்டால் கையால் எடுத்துப் போட்டுவிடலாம்.

அப்புறம் உப்பு. சிமென்ட் துருப்பிடிக்காது, அதனால் கடலோரத்துக்கு அதுவே மேல் என்று அந்தக் கட்டுரையில் இருந்தது. சிமென்ட் துருப்பிடிக்காது, சரி. உள்ளே இருக்கிற கம்பி? இரண்டங்குலப் பலகையில் கம்பிக்கு மேல் ஓரங்குல கான்கிரீட்கூட இருக்காது. உப்பு ஈரம் உள்ளே இறங்கிவிட்டால் கம்பி துருவேறும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் பாருங்கள். தூணின் மூலையில் மேலிருந்து கீழாக முடியளவு விரிசல் ஓடும், அதன் வழியே பழுப்பு நிறத்தில் கசிந்து வழிந்திருக்கும். அதைப் பூசி மறைத்துப் பெயின்ட் அடிப்பார்கள். அடுத்த மழைக்கு மறுபடி வரும். கம்பி வேலி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், அந்த இடத்தை மட்டும் வெட்டி மாற்றலாம். இது உள்ளுக்குள்ளேயே நடக்கும்.

சுவர் கேட்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாய் வருகிறது, பக்கத்து மனையிலிருந்து குப்பை பறந்து வருகிறது, வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், தெருவில் போகிறவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. சுவர் வைத்தால் பாம்பு வராது என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. வெள்ளத்தில் வருகிற பாம்பு காம்பவுண்டைப் பார்த்து மரியாதையாகத் திரும்பிப் போகாது. மறைப்பு வேண்டும் என்றால் தெருப்பக்கம் மட்டும் சுவர் வையுங்கள். தரையோடு ஒட்டி ஆறடிக்கு ஒன்றாக நாலங்குல பிவிசி குழாயைப் படுக்க வைத்துக் கட்டினால் போதும். எலி நுழையாமல் இருக்க வாயில் ஒரு சின்ன வலையைச் செருகிவிடலாம். பக்கவாட்டிலும் பின்பக்கமும் கம்பி வேலியே இருக்கட்டும்.

ஏற்கெனவே ரெடிமேட் காம்பவுண்ட் வைத்துவிட்டவர்கள் அதை இடிக்க வேண்டியதில்லை. பலகைகள் தூணின் காடியில் சும்மா ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கப்பட்டவைதான். தாழ்வான பக்கத்தில் ஏதாவது இரண்டு இடைவெளியைத் தேர்ந்தெடுத்து, பலகைகளை மேலே உருவி எடுங்கள். ஒரு பலகை 75 கிலோவுக்குக் குறையாது, தனியாளாக முயற்சி செய்ய வேண்டாம். காடியின் அடியில் இரண்டு பக்கமும் அரையடி உயரத்துக்குக் கான்கிரீட் கட்டை வைத்து, அதன்மேல் பலகைகளை மறுபடி இறக்குங்கள். உச்சியில் ஒரு பலகை மிச்சமாகும், அதைத் துணி துவைக்கிற கல்லாகப் போட்டுக்கொள்ளலாம். அடியில் கிடைக்கிற அரையடிச் சந்து போதும், தண்ணீர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

இனி என் வீட்டு வேலி. எனக்கும் தெற்கு வீட்டுக்கும் நடுவில் கல்கால் நட்டு முள்கம்பி கட்டிய பழைய வேலி இருந்தது. கல்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முள்கம்பியைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வேலை செய்ய வந்த பையன் முதலில் கேட்டது, கல்காலையும் பிடுங்கிவிட்டு இரும்பு ஆங்கிள் நட்டுவிடட்டுமா என்றுதான். பார்க்க ஒரே மாதிரி நேராக இருக்குமாம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கருங்கல்லை உப்பு என்ன செய்யும்? கடலோரத்தில் கல்காலைப் பிடுங்கி இரும்பை நடுவது, துருப்பிடிக்காத ஒன்றை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்கிற ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதுதான். சாய்ந்திருந்த கால்களை மட்டும் நிமிர்த்தினோம். மூலைக்கால்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கால் கொடுத்தோம். மூலைக்கு முட்டு இல்லாமல் வலையை இழுத்துக் கட்டினால், கட்டிய அன்றைக்கு விறைப்பாக இருக்கும், பொங்கலுக்குள் தொட்டில் மாதிரி தொங்கிவிடும் என்பது பட்டறைக்காரன் எவனுக்கும் தெரியும்.

கடப்பாரையை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். பழைய வேலி நிற்கிற இடம்தான் எல்லை என்று நம்பிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் நட்டவன் நூல் பிடித்து நட்டானா, வேப்பமரத்துக்கு ஒதுங்கி நட்டானா, யார் கண்டது? பட்டா, புல வரைபடம், பத்திரத்தில் எழுதியிருக்கிற அடிக்கணக்கு மூன்றையும் வைத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் சர்வேயரைக் கூப்பிட்டு அளந்துகொள்ளுங்கள். நிலத்தை அளந்து எல்லை காட்டுவதற்கென்றே 1923இலிருந்து சட்டம் இருக்கிறது. இப்போது விண்ணப்பத்தை இ-சேவை மையத்திலேயே போட்டுவிடலாம். எல்லைக்கல் மண்ணுக்குள் புதைந்து கிடந்தால் அதைச் சுற்றி மட்டும் தோண்டுங்கள். கல்லை அசைத்தால் குற்றம். வேலி நின்று பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, இனி அது என் இடம்தான் என்று டீக்கடையில் சட்டம் பேசுகிறவர்கள் எங்கள் ஊரில் அதிகம். அதெல்லாம் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டிய சமாசாரம், வேலி வேலையின் நடுவில் தீருகிற விஷயம் இல்லை. நாங்கள் பழைய வேலியைப் பிடுங்கும் முன்பு வெள்ளைத்தாளில் அளவு போட்டு, படம் வரைந்து, இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டோம். நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் யாராவது விற்கும்போது உதவும்.

தெற்கு வீட்டு அக்காவிடம் முதலில் காம்பவுண்ட் பேச்சைத்தான் யாரோ எடுத்திருக்கிறார்கள். "சுவரு வெச்சிட்டீங்கன்னா என் கோவக்கொடி எங்கண்ணே ஏறும்?" என்று என்னிடம் வந்து கேட்டார். சுவர் இல்லை, வலைதான் என்று சொன்ன பிறகுதான் பாதிச் செலவுக்குச் சம்மதித்தார். கொடி ஏறுவதில் எனக்கு இஷ்டம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலை அடர்ந்த இடத்தில் ஈரம் காயாது, அங்கேதான் கம்பி முதலில் போகும். வேலிக்கு ஒரு முழம் தள்ளி மூங்கில் நட்டுப் பந்தல் போட்டுக் கொடுத்தேன். கொடி மூங்கிலில் ஏறி, அங்கிருந்து வலைக்குத் தாவிவிட்டது. கோவைக்காய் வருகிறது, நானும் சாப்பிடுகிறேன், என்ன சொல்ல முடியும்?

செலவைப் பங்கு போடுவது எல்லா ஊரிலும் கஷ்டம்தான், வடசென்னையில் அது பழைய கதை. ஐதர் அலியின் படைக்குப் பயந்து இன்றைய ஜார்ஜ் டவுனான கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பிய கும்பினிக்காரன், அதன் செலவை உள்ளே குடியிருந்த ஜனங்களின் தலையில் வரியாகப் போடப் பார்த்தான். வரி வசூலாகவில்லை என்பார்கள். மதில் வரியின் பெயரைச் சுமந்துகொண்டு வால்டாக்ஸ் ரோடு மட்டும் இருக்கிறது. எங்கள் வேலிக்கு அந்தக் கதி வரவில்லை, அக்கா முன்பணமே கொடுத்துவிட்டார்.

வலை வாங்கும்போது ஏமாறுகிற இடங்களைச் சொல்கிறேன், இது என் தொழில். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். 10 கேஜ் என்றால் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் என்றால் 2.64. கடையில் 12 என்று சொல்லி 13ஐ எடுத்துக் கொடுப்பார்கள், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கம்பியின் கனம் அளக்கிற வெர்னியர் இருந்தால் கொண்டுபோங்கள், இல்லையென்றால் சுருளை எடை போடச் சொல்லுங்கள். பச்சை பிளாஸ்டிக் பூசிய வலை கடலோரத்துக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். அதில் 10 கேஜ் என்று சொல்வது பெரும்பாலும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து அளந்த கணக்கு. உள்ளே இருக்கும் கம்பி 12ஓ 14ஓகூட இருக்கும். நுனியை நறுக்கிப் பிளாஸ்டிக்கைச் சீவிவிட்டு அளந்து காட்டச் சொன்னால் கடைக்காரர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் வெடித்தால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து நிற்கும். வெளியே பச்சையாக, உள்ளே துருவாக இருக்கும்.

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, என்று சொன்னாலே போதும் என்று நினைக்க வேண்டாம். இரும்புக்கு மேல் துத்தநாகம் எவ்வளவு கனமாக ஏறியிருக்கிறது என்பதுதான் கேள்வி. உப்பு முதலில் துத்தநாகத்தைத் தின்னும், அது தீர்ந்த பிறகுதான் இரும்பில் வாய் வைக்கும். வெள்ளி மாதிரி மின்னுகிற கம்பி பெரும்பாலும் மின்முலாம் பூசியது, பூச்சு மெல்லியது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது கொஞ்சம் மங்கலாக இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் துத்தநாகம் என்று கேளுங்கள். சங்கிலி வலைக்கு ஐ.எஸ். 2721 என்றும் முள்கம்பிக்கு ஐ.எஸ். 278 என்றும் இந்தியத் தர எண்கள் உண்டு. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால், விஷயம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்றாவது நினைப்பார்கள்.

வலையைக் காலோடு வெல்டிங் வைத்து ஒட்ட விடாதீர்கள். வெல்டர் நானே சொல்கிறேன். வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். இரும்பு அம்மணமாக நிற்கும், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் அடிக்கும். எங்கள் பட்டறையில் ஜிஐ வேலை என்றால் முதலாளி பால் வாங்கித் தருவார், பால் குடித்ததால் யாருக்கும் காய்ச்சல் நின்றதாக நான் பார்த்ததில்லை. தவிர்க்கவே முடியாமல் எங்காவது வெல்டிங் வைத்தால், கசடைத் தட்டி, தேய்த்து, அன்றைக்கே துத்தநாகப் பெயின்ட் அடித்துவிட வேண்டும்.

மேலே, நடுவே, கீழே என்று மூன்று வரிசை லைன் கம்பியை முறுக்கி இழுத்த பிறகுதான் வலையை அதோடு கட்ட வேண்டும். எதனால் கட்டுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கொத்தனார் சென்ட்ரிங் வேலைக்கு வைத்திருக்கும் கறுப்புக் கட்டுக்கம்பியையே எடுத்து முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல வலையை வாங்கி அதைக் கறுப்புக் கம்பியால் கட்டினால், ஒரே மழைக்காலத்தில் கட்டெல்லாம் அறுந்து வலை தனியாக ஆடும். ஜிஐ கட்டுக்கம்பி வேறு, அதைக் கேட்டு வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது, ஆனால் எந்த வேலைக்காரரும் தானாக வாங்கி வர மாட்டார்.

பழைய முள்கம்பியைக் கழற்றும்போது தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டிடி ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்வது நல்லது. இற்றுப்போன முள்கம்பியைக் காயலான் கடையில்கூட முகம் சுளித்துத்தான் வாங்குவார்கள். அதற்காகக் கால்வாய் ஓரத்தில் வீசிவிட்டு வராதீர்கள், மாடு மேய்கிற இடம் அது.

மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் மழைநீர் வடிகால் கட்டுகிறார்கள், நல்லது. ஆனால் பல தெருக்களில் வடிகாலின் மேல்மட்டம் வீட்டு முற்றத்தைவிட உயரமாக நிற்கிறது. முற்றத்துத் தண்ணீர் வடிகாலுக்குப் போக வழி விடாமல் பக்கச்சுவரை மூடிவிட்டுப் போகிறார்கள். அதற்கு மேல் வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஒரு காம்பவுண்டை எழுப்பிவிட்டால் மனை தொட்டியாகிவிடும். வடிகால் வேலைக்கு வருகிற பொறியாளர், போகிற போக்கில் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று கேட்டு, அங்கே ஒரு துளை விட்டுவிட்டுப் போகலாம். வீட்டுத் திட்ட அனுமதி கொடுக்கும்போதும், தாழ்வான பகுதி என்றால் காம்பவுண்டின் அடியில் நீர்வழி விட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதா என்று பார்க்கிற அதே ஆள் இதையும் பார்த்துவிட்டுப் போகலாமே.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரையை எழுதியவர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எங்கள் பகுதிக்கு வந்தால் கல்கால் வேலியும் காட்டுகிறேன், சாய்ந்த காம்பவுண்டும் காட்டுகிறேன், இரண்டையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதட்டும். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் புரட்டாசிக்குள் போட்டுவிடுங்கள். வேலி மாற்ற நினைக்கிறவர்கள் அதற்குள் காலை நட்டு, கான்கிரீட் இறுக விட்டு, வலையைக் கட்டிவிட வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் இரண்டடி தோண்டினாலே குழியில் தண்ணீர் ஊறி நிற்கும், அதில் கான்கிரீட் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற வெல்டர்,
எர்ணாவூர், சென்னை.